உலக சினிமாவுக்குப் புதியவருக்கு எந்தப் படத்தை முதலில் காட்டுவது? சென்னை ரசிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"உலக சினிமா பார்க்க ஆசை, எதிலிருந்து தொடங்கலாம்?" என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் உடனே ஒரு பட்டியலை நீட்டிவிடுகிறோம். அதில் ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மன் இருப்பார், ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கி இருப்பார், 'சிட்டிசன் கேன்' கட்டாயம் இருக்கும். கேட்டவர் ஆசையோடு ஒன்றைப் போட்டுப் பார்ப்பார். அரை மணி நேரத்தில் கண் சொக்கும். "இதெல்லாம் படித்தவர்கள் பார்க்கிற படம், நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுவார். ஒரு நல்ல ரசிகரை இப்படி இழப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மூன்று மணி நேரப் படத்தை நின்றுகொண்டுகூடப் பார்த்துப் பழகிய ஊர் இது. இங்கே சினிமா ரசனைக்குப் பஞ்சமே இல்லை. முதல் படத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கோளாறு.

அம்மாவுக்கோ, தம்பிக்கோ, அலுவலகத் தோழருக்கோ முதல் முறையாக ஓர் அயல்நாட்டுப் படத்தைக் காட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்காகவே தேடுகிறீர்கள் என்றாலும் வழி இதுதான். படத்தின் புகழிலிருந்து தொடங்காமல், பார்க்கப்போகிறவரின் வாழ்க்கையிலிருந்து தொடங்குங்கள். அவர் ஏற்கெனவே நேசிக்கிற ஒரு தமிழ்ப் படத்தின் பக்கத்து வீட்டில் ஓர் உலகப் படம் எப்போதும் குடியிருக்கும். அந்த வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்ட வேண்டும்.

முதல் படி: புகழ்பெற்ற பட்டியல்களை ஓரமாக வையுங்கள்

பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை, உலகின் மிகச் சிறந்த படம் எது என்று விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. முதல் முறை முதலிடம் பெற்றது இத்தாலியின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' அந்த இடத்தை விடவில்லை. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' வந்தது. 2022இல் ஷான்டல் அகெர்மான் இயக்கிய 'ழான் தீல்மான்' (1975).

'ழான் தீல்மான்' 201 நிமிடப் படம். பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் மூன்று நாட்கள். அவர் உருளைக்கிழங்கு சீவுவதையும் பாத்திரம் கழுவுவதையும் கேமரா அசையாமல் நின்று பார்க்கிறது. சமையலறையில் கழியும் ஒரு பெண்ணின் காலத்தை இவ்வளவு மரியாதையோடு காட்டிய படம் அரிது. ஆனால் அதற்கு வாக்களித்தவர்கள் வாழ்நாள் முழுவதும் படம் பார்த்து எழுதுகிறவர்கள். 'சிட்டிசன் கேன்' கதையும் அப்படித்தான். 1941இல் ஆர்சன் வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் சேர்ந்து, அருகில் இருப்பவரையும் தூரத்தில் இருப்பவரையும் ஒரே துல்லியத்தில் காட்டியபோது அது ஒரு திறப்பாக இருந்தது. அதற்குப் பின் வந்த எல்லோரும் அதை எடுத்தாண்டுவிட்டார்கள். பழைய படங்கள் சிலவற்றையாவது பார்த்த பிறகுதான் அந்தப் புதுமை கண்ணுக்குத் தெரியும். எனவே இவை நிச்சயம் பார்க்க வேண்டிய படங்கள், பிறகு.

இரண்டாம் படி: பிடித்த தமிழ்ப் படம் எது என்று கேளுங்கள்

கேள்வியைப் பொதுவாகக் கேட்காதீர்கள். "திரும்பத் திரும்பப் பார்த்த படம் எது?" என்று கேளுங்கள். தொலைக்காட்சியில் எப்போது போட்டாலும் உட்கார்ந்துவிடுகிற படம் ஒன்று எல்லோருக்கும் இருக்கும். அதுதான் உங்களுக்கான துப்பு.

'விருமாண்டி' என்று சொன்னால் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமான்' (1950) தயாராக இருக்கிறது. ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமாகச் சொல்லும் கதை. ஆனால் அவசரப்படாதீர்கள், நடுவில் ஒரு படிக்கல் இருக்கிறது. 'ரஷோமான்' தந்த தூண்டுதலில் எஸ்.பாலசந்தர் ஏவி.எம்முக்காக இயக்கிய 'அந்த நாள்' (1954) படத்தை முதலில் காட்டுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் குண்டு விழுந்த சென்னையில் ஒரு கொலை, பாட்டே கிடையாது, சிவாஜி கணேசன் எதிர்மறைப் பாத்திரத்தில். எழுபது ஆண்டு கடந்தும் விறுவிறுப்பு குறையவில்லை. அதைப் பார்த்தவர் 'ரஷோமா'னுக்குள் நுழையும்போது வழி தெரிந்தவராக நுழைவார்.

'ராட்சசன்' போன்ற துப்பறியும் படம் பிடித்தவருக்குக் கொரியாவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003). அதுவும் பிடித்துவிட்டால் தயங்காமல் 1931க்கு அழைத்துப் போங்கள்: பெர்லினில் குழந்தைகளைக் கொல்பவனை ஒரு பக்கம் போலீஸும் மறு பக்கம் திருடர்களும் தேடும் ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்'. நாகேஷ் ரசிகருக்கு, குறிப்பாக 'காதலிக்க நேரமில்லை' வசனத்தை மனப்பாடமாகச் சொல்பவருக்கு, பில்லி வைல்டரின் 'சம் லைக் இட் ஹாட்' (1959). 'வியட்நாம் வீடு' பார்த்துக் கண்கலங்கியவருக்கு லியோ மெக்கேரியின் 'மேக் வே ஃபார் டுமாரோ' (1937): வீட்டை இழந்த வயதான தம்பதியைப் பிள்ளைகள் ஆளுக்கொருவராகப் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். கைக்குட்டை அவசியம்.

சண்டைப் படப் பிரியர்களுக்கு எல்லோரும் 'செவன் சாமுராய்' (1954) என்பார்கள். அது 207 நிமிடம். நான் முதலில் காட்டச் சொல்வது அதே குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961). இரண்டு கோஷ்டிகள் ஆட்டிப் படைக்கும் ஊருக்குள் தனி ஆளாக வந்து நிற்கும் வீரன். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. தோஷிரோ மிஃபுனே தோளைக் குலுக்கிக்கொண்டு நடந்து வரும் முதல் காட்சியிலேயே நம் ரசிகர் விசிலடிக்கத் தயாராகிவிடுவார். அந்த நடைக்கு அடிமையானவர் 'செவன் சாமுரா'யின் நீளத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

மூன்றாம் படி: முதல் படத்தை முடிவு செய்யுங்கள்

குறிப்பிட்ட ஒரு ரசனையும் பிடிபடவில்லை, பொதுவாக ஒரு நல்ல தொடக்கம் வேண்டும் என்றால், நான் பார்ப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, படம் ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் முடிய வேண்டும். இன்னொன்று, கதாபாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், கையால் தொடக்கூடிய ஒரு பொருளாக இருந்தால் மிகவும் நல்லது. மொழி புரியாவிட்டாலும், நாடு தெரியாவிட்டாலும், ஒரு பொருள் தொலைந்த பதற்றம் எல்லோருக்கும் புரியும்.

விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) இன்றும் என் முதல் தேர்வு. போருக்குப் பிந்தைய ரோமில் வேலையில்லாத ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. வேலைக்குச் சைக்கிள் கட்டாயம். சைக்கிளோ அடகில். மனைவி படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே அது திருடு போகிறது. பசை வாளியும் ஏணியுமாகச் சைக்கிளில் போய் சினிமா போஸ்டர் ஒட்டுபவர்களைப் பார்த்து வளர்ந்த சென்னைக்காரருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டுமா? நாயகனாக நடித்தவர் தொழில்முறை நடிகர் அல்ல, ஆலைத் தொழிலாளி. முடிவைப் பற்றி ஒரு சொல்லும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். 'வீடு', 'காக்கா முட்டை', 'டு லெட்' ஆகிய மூன்றில் எது பிடித்தவருக்கும் இந்தப் படம் சொந்தக்காரர் வீடு மாதிரிதான்.

குழந்தைகளும் சேர்ந்து பார்க்கிறார்கள் என்றால் மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997). டெஹ்ரானில் அண்ணன் தங்கையின் ஷூவைத் தொலைத்துவிடுகிறான். அப்பாவிடம் சொல்லப் பயம். காலையில் அவள் பள்ளிக்கு, மதியம் இவன் பள்ளிக்கு, இருவருக்கும் ஒரே ஜோடி ஷூ. இதைத் தழுவி எடுக்கப்பட்ட 'அக்கா குருவி' 2022இல் வெளியானது. ஆனாலும் மூலத்தை முதலில் பார்ப்பதே நல்லது. அந்தச் சிறுமியின் முகத்துக்கு ஈடு கிடையாது.

வயதில் மூத்தவர்களுக்கு, முக்கியமாக வெளியூரில் பிள்ளைகள் இருக்கும் அம்மாக்களுக்கு, சோவியத் படமான 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்' (1959). இரண்டு பீரங்கி வண்டிகளைத் தகர்த்த இளம் சிப்பாய், பதக்கத்துக்குப் பதிலாக விடுப்பு கேட்கிறான்: ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும், ஒழுகும் கூரையைச் சரிசெய்ய வேண்டும். ஆறு நாள் கிடைக்கிறது. ரயிலில் வழியெல்லாம் யாராருக்கோ உதவி செய்தே அந்த நாட்கள் கரைகின்றன. ரஷ்யாவின் மாஸ்ஃபிலிம் படநிறுவனம் தன் பழைய படங்கள் பலவற்றை யூடியூபில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் அப்படித்தான். பணம் கட்டிப் பார்க்கும் தளங்களை நாடுவதற்கு முன் இந்த இரண்டு இடங்களிலும் தேடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை, கூட்டுக் குடும்பங்களில் மிக முக்கியமானது. வரவேற்பறையில் அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கப்போகும் படத்தை நீங்கள் ஒரு முறை தனியாகப் பார்த்துவிடுங்கள். 2019இல் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப் பனையையும் பிறகு சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் வென்றது என்பதற்காக 'பாரசைட்'டைப் போட்டுவிட்டு, நடுவில் ரிமோட்டைத் தேடும் நிலை வர வேண்டாம். சங்கடத்தில் முடிந்த ஒரு மாலைக்குப் பிறகு அந்த வீட்டில் அடுத்த படத்துக்கு அனுமதி கிடைப்பது கடினம்.

நான்காம் படி: சப்டைட்டிலை முன்கூட்டியே யோசியுங்கள்

புதியவர்கள் பாதியில் எழுந்துபோவதற்குப் படம் மெதுவாக இருப்பதைவிட சப்டைட்டில்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. பெரும்பாலான படங்களுக்குக் கிடைப்பது ஆங்கில சப்டைட்டில் மட்டுமே. ஆங்கிலம் தெரிந்தவருக்கும் படித்துக்கொண்டே பார்ப்பது ஒரு பழக்கம். வந்துசேரச் சில படங்கள் ஆகும். அதுவரை வசனம் கொட்டும் படங்களைத் தள்ளிவையுங்கள். ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) அற்புதமான படம். ஆனால் நான்கு பேர் ஒரே நேரத்தில் வாதாடும் காட்சியில் எழுத்தைத் துரத்தியே கண் களைத்துவிடும்.

ஆங்கிலம் படிக்க வராத பாட்டிக்கும் தாத்தாவுக்கும் உலக சினிமா மூடிய கதவு அல்ல. அவர்களுக்குத்தான் மிகச் சிறந்த வாசல் திறந்திருக்கிறது: பேச்சே தேவைப்படாத படங்கள். பேசும் படங்கள் வந்த பிறகும் சாப்ளின் பிடிவாதமாக வசனமின்றி எடுத்த 'சிட்டி லைட்ஸ்' (1931), அடுத்து 'மாடர்ன் டைம்ஸ்' (1936). இடையில் வரும் சில எழுத்து அட்டைகளை நீங்கள் தமிழில் சொன்னால் போதும். 'தி ரெட் பலூன்' (1956) வெறும் 34 நிமிடம்: பாரிஸ் தெருக்களில் ஒரு சிறுவனைத் தொடர்ந்து வரும் சிவப்பு பலூன். ஆறு வயதுப் பேரனும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே நேரத்தில் ரசிக்கக்கூடிய படங்களில் இதற்கு மேல் எனக்கு ஒன்று தோன்றவில்லை. "வசனம் இல்லாமல் எப்படி?" என்று கேட்டால் கமல் ஹாசனின் 'பேசும் படம்' (1987) நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அதை ரசித்த வீட்டுக்கு மௌனப் படம் புதிதல்ல.

டப்பிங் செய்த பதிப்பு வேண்டாம் என்பேன். நடிகரின் குரல் நடிப்பில் பாதி. படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கு மட்டும் விதிவிலக்கு.

ஐந்தாம் படி: அறையையும் திரையையும் தயார் செய்யுங்கள்

கறுப்பு வெள்ளைப் படத்தைப் பட்டப்பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் நிழல்கள் எல்லாம் சாம்பல் ஆகிவிடும். இரவு பாருங்கள், விளக்கை அணையுங்கள். டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் ஓர் அமைப்பு இருக்கும். அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் 1950ஆம் ஆண்டுப் படம்கூட நேற்று எடுத்த சீரியல் போலத் தெரியும். பழைய படங்கள் கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. இரு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று இழுத்து நீட்டினால் எல்லோர் முகமும் தட்டையாகும்.

எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். 'பதேர் பாஞ்சாலி'யில் தொடங்கும் சத்யஜித் ரேயின் அப்பு வரிசைப் படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் ஒரு லேப் தீவிபத்தில் சிக்கின. எஞ்சியதையும் வேறு பிரதிகளையும் கொண்டு பெரும்பாடுபட்டு மீட்டு, 2015இல் புதிய பிரதியைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். மங்கிப்போன பழைய பிரதியில் 'பதேர் பாஞ்சாலி' பார்த்தவர்கள், மீட்டெடுத்த பிரதியில் நாணல் பூக்களுக்கு நடுவே அப்புவும் துர்காவும் ரயில் பார்க்கும் காட்சியை மறுபடி பாருங்கள். கோபம்கூட வரும், இத்தனை நாள் இதை இழந்தோமே என்று.

கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். இடைவேளை விடாதீர்கள். நம் படங்கள் இடைவேளைக்கென்றே ஒரு திருப்பத்தை வைத்து எழுதப்படுபவை. இவை அப்படி அல்ல. நடுவில் நிறுத்தினால் கட்டிவந்த மனநிலை கலைந்துவிடும்.

ஆறாம் படி: ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டுப் படத்தைப் போடுங்கள்

இயக்குநரின் வாழ்க்கை வரலாறு, வாங்கிய விருதுகள் எதுவும் வேண்டாம். கவனிக்க வேண்டிய ஒரு விஷயத்தை மட்டும் காதில் போடுங்கள். 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்றால், "அந்தப் பையன் அப்பாவின் முகத்தை எப்போதெல்லாம் பார்க்கிறான் என்று கவனியுங்கள்." 'எம்' என்றால், "விசில் சத்தத்தைக் கேளுங்கள்." ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) என்றால், "கேமரா அந்த அறையை விட்டு வெளியே போகிறதா பாருங்கள்." ஒரு வேலை கையில் இருந்தால் கண் விழித்திருக்கும்.

முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அது தேர்வறைக் கேள்வி. எந்த இடம் மனத்தில் நிற்கிறது என்று கேளுங்கள், பிறகு அவரைப் பேச விடுங்கள்.

ஏழாம் படி: அடுத்த படத்துக்கு ஒரு நூலைப் பிடியுங்கள்

பிடித்த படத்திலிருந்து ஏதாவது ஒரு நூல் அடுத்த படத்துக்குப் போக வேண்டும். 1950இல் லண்டனில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்த சத்யஜித் ரே, இப்படித்தான் படம் எடுக்க வேண்டும் என்ற உறுதியோடு ஊர் திரும்பினார். 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. எனவே டி சிகாவுக்கு அடுத்து ரே.

மெதுவான படங்களுக்குப் போகும்போது இந்த நூல் மிகவும் உதவும். இங்கே நான் உறுதியாகச் சொல்வது, மெதுவான படத்துக்குக் கண்ணைத் தமிழிலேயே பழக்குங்கள் என்பதுதான். சப்டைட்டில் சுமை இல்லாமல் நிதானத்தை மட்டும் பழகிக்கொள்ளலாம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை அடிப்படையாக வைத்து மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்கள்' (1979) நல்ல தொடக்கம். அடுத்து பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989): மனைவியை இழந்த முதியவர் கிராமத்திலிருந்து சென்னையில் உறவினர் வீட்டுக்கு வருகிறார், நெருக்கடியான அந்தச் சிறு வீட்டில் தனக்கு எங்கே இடம் என்று தேடுகிறார். அந்த முதியவராகச் சொக்கலிங்க பாகவதரைப் பார்த்தவருக்கு, அடுத்த வாரமே யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) காட்டுங்கள். வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கத் தலைநகருக்கு வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. கெட்டவர் என்று யாருமே இல்லை. கேமரா தரையில் அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்திலேயே அசையாமல் நிற்கிறது. பாய் விரித்து உட்கார்ந்த வீடுகளில் வளர்ந்த நமக்கு அந்தக் கோணம் அந்நியமாகத் தோன்றாது.

இதே போல இன்னொரு ஜோடி. 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வென்ற பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்': கொளுத்தும் வெயிலில் அப்பனும் மகனும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். அதன் பின் ஈரானின் அப்பாஸ் கியரோஸ்தமியின் 'வேர் இஸ் தி ஃபிரண்ட்ஸ் ஹவுஸ்?' (1987): தவறுதலாக எடுத்து வந்துவிட்ட நண்பனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஒரு சிறுவன் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். நடப்பதும் ஓடுவதுமே கதையாக முடியும் என்று இரண்டும் சேர்ந்து காட்டிவிடும்.

தார்கோவ்ஸ்கியின் 'மிரர்', பெர்க்மனின் 'பெர்சோனா', முன்னே சொன்ன 'ழான் தீல்மான்' மூன்றையும் எப்போது காட்டுவது? "கதை பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் பிடித்திருந்தது" என்று அவர் வாயிலிருந்து வந்த பிறகு. பாதியில் பிடிக்காமல் போனால் கட்டாயப்படுத்தாதீர்கள். இரண்டாம் படிக்குத் திரும்பி வேறு வாசலைத் தேடுங்கள்.

எட்டாம் படி: வீட்டை விட்டு வெளியே அழைத்துப் போங்கள்

நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸும் கோத்தே நிறுவனமும் பிரெஞ்சு, ஜெர்மன் படங்களைத் திரையிடுவதுண்டு. ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்யப் பண்பாட்டு மையம் இருக்கிறது. மூன்றின் நிகழ்ச்சிப் பட்டியலையும் அவ்வப்போது பார்த்துவாருங்கள். இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் என்ற திரைப்பட ரசனை அமைப்பு 2003 முதல் டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்துகிறது. அரங்குகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அறிவிப்பைக் கவனியுங்கள்.

புதியவரை விழாவுக்குக் கூட்டிப்போனால் நாளுக்கு இரண்டு படம் போதும். பாஸ் வாங்கிவிட்டோம் என்பதற்காக ஐந்து படம் ஓடி ஓடிப் பார்த்தால் மாலையில் எந்த நாட்டுக் கதை எது என்றே தெரியாது. முந்தின இரவு அட்டவணையை வைத்துக்கொண்டு, கதைச் சுருக்கத்தின் முதல் இரண்டு வரியை மட்டும் படியுங்கள். ஒன்று அவர் விரும்பக்கூடியதாக இருக்கட்டும், மற்றொன்று இருவருக்குமே எதுவும் தெரியாத ஒரு நாட்டுப் படமாக இருக்கட்டும். பாராட்டு பெற்ற படங்களுக்கு வரிசை நீளும், அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். சரிவு குறைந்த அரங்குகளில் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும் என்பதால் நடுவே உட்கார ஆசைப்படாமல், பின்பக்கம் உயரமான வரிசையிலோ நடைபாதை ஓரத்திலோ இரண்டு இருக்கைகளைப் பிடித்துவையுங்கள்.